பூரணம் கழற்றி வைத்த பிளக்

நயினார் தன் மனைவி பூரணத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் முக்காலியில் ஏறி நின்று நெட்டுப் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் தோசை மாவு காய்ந்திருந்தது. மறு கையால், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிறவள் மாதிரி பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "யாத்தி, கொதிக்குதே" என்றாள். பக்கத்து வீட்டு ஜீனத் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஆஃப் பண்ணியாச்சா மாமி? உடனே போட்டுராதீங்க, நல்லா ஆறட்டும்" என்று குரல் கொடுத்தாள். பூரணம் பிளக்கைக் காலண்டர் ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, கீழே நின்ற நயினாரைப் பார்த்து, "ஆறினதும் நானே மாட்டிக்கிடுதேன். நீங்க ஒண்ணையும் தொடாண்டாம். அரிசியக் கொண்டுபோய்த் திரிச்சிட்டு வாங்க" என்றாள். நயினார் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து தலையாட்டியே குடித்தனம் நடத்தியவர் அவர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பேசிவந்தாள்.

மாவு மிஷினில் கூட்டம். மீசையெல்லாம் வெள்ளையாகி அவர் திரும்பி வந்தபோது, பூரணம் பெட்டிக்கு நேர் கீழே சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், ஏதோ ஒன்று ஆறுவதற்காகக் காத்திருப்பவளைப் போல. முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. அவர் கூப்பிட்டார், பிறகு கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார், பிறகு மாவுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அது தூத்துக்குடியில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கும் கிட்டங்கித் தெரு. பெயருக்கேற்றபடி ஒரு பக்கம் உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கிகள், மறுபக்கம் ஒன்றோடு ஒன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கும் சிறிய வீடுகள். அந்த வீடுகளுக்கெல்லாம் கேபிள் இழுத்தவர் இஸ்ரவேல். தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டியை வைப்பார். அந்த வீட்டுக் கரண்டில் பெட்டி ஓடும். பெட்டியிலிருந்து ஓட்டுக்கு மேலும் முருங்கைக் கிளை வழியாகவும் வயர்கள் கிளம்பி மற்ற வீடுகளுக்குப் போகும். பெட்டி வைத்த வீட்டுக்கு நெட்டுக்குக் காசு கிடையாது. கிட்டங்கித் தெருவின் பெட்டி பூரணத்தின் வீட்டு அலமாரி மேல் இருந்தது. அதில் வீட்டுக்கு ஒன்றாகப் பச்சை விளக்குகள் சிமிட்டும். எந்த விளக்கு எப்போது துடிக்கிறது என்று பார்த்தே யார் வீட்டில் விழித்துக்கொண்டார்கள், யார் வீட்டில் அழுகை நாடகம் ஓடுகிறது, எந்தப் பிள்ளை படிக்காமல் விளையாடுகிறது என்று பூரணம் சொல்லிவிடுவாள். உப்புக் காற்றில் வயர் முனையெல்லாம் பாசி பூத்ததுபோல் ஆகி அடிக்கடி நெட் போகும். போனால் இஸ்ரவேலைக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. தெருவில் நின்று, "பூரணத்தக்கா, போயிட்டு!" என்று கத்துவார்கள். அவள் முக்காலியில் ஏறி, அந்த வீட்டு வயரைப் பிடுங்கி, முனையில் ஊதி, முந்தானையால் துடைத்து மாட்டுவாள். அதிலும் சரியாகவில்லையென்றால் பெட்டியையே அணைத்து ஆறவிடுவாள். விளக்கு எரியும்வரை, நெட் போனவர் உள்ளே வந்து நின்று தெரு நடப்பு ஏதாவது சொல்லியாக வேண்டும். அதுதான் அவள் கூலி.

அப்படிப்பட்டவள் போன வீட்டில், பிணம் எடுத்த கையோடு போய், "பிளக்கை மாட்டுங்க, எங்களுக்கு நெட் வேணும்" என்று கேட்க யாருக்கு வாய் வரும்? ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை என்பதுதான் விஷயம். சாவுச் செய்தி மும்பைக்கும் துபாய்க்கும் வீடியோவோடு போயிற்று. அடக்கத்துக்கு வர முடியாத பூரணத்தின் மகன் துபாயிலிருந்தே அழுதான். மறுநாள் தெருப் பிள்ளைகள் பாடம் பார்த்தன. ஜீனத் வழக்கம்போலத் தன் வேலையைப் பார்த்தாள். எதனால் இதெல்லாம் ஓடுகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. மூச்சு விடுகிறவர் காற்றைப் பற்றி யோசிக்கிறாரா என்ன?

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த இஸ்ரவேல்தான் சாப்பிட்டுக் கை கழுவப் போகும் வழியில் தலையைத் தூக்கினார். பிளக் காலண்டர் ஆணியில் தொங்கியது. அதில் தூசி படிந்து, தூசியில் ஒரு சிலந்தி வலை கட்டி, வலையில் ஒரு கொசுவும் மாட்டியிருந்தது. மேலே, வீட்டுக்கு ஒன்றாக, அத்தனை விளக்கும் பச்சையாக எரிந்தன.

"கரண்டு இல்லாமலா ஓடுது?" என்றார் இஸ்ரவேல்.

"வருத்தத்துல இருக்குத வீட்டுல வந்து என்னவே கேள்வி கேக்கீரு?" என்றாள் மரியசெல்வராணி. எதிர் வீட்டுக்காரி. மீன் ஏலத்தில் கத்திக் கத்தி வளர்ந்த குரல் அவளுக்கு. "ஓடுதா இல்லையா, அதச் சொல்லும்."

"ஓடுது."

"பொறவு என்ன? பாயசம் வாங்கினீரா?"

இருந்தாலும் தொழில்காரர் இல்லையா, இஸ்ரவேல் முக்காலியில் ஏறி முறைப்படி எல்லாம் பார்த்தார். ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினார். முனைகளை வெட்டிப் புதுசாகப் போட்டார். கம்பத்திலிருந்து எங்காவது கரண்டு கசிகிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தார், இல்லை. கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று ஆணியிலிருந்து பிளக்கை எடுத்தபோது, அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த நயினார் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவளே மாட்டுதேன்னு சொல்லியிருக்கா" என்றார்.

நயினார் வாயிலிருந்து அத்தனை சொற்கள் சேர்ந்தாற்போல் வந்து தெருவில் யாரும் கேட்டதில்லை. இஸ்ரவேல் பிளக்கை, சிலந்திக்கும் கொசுவுக்கும் இடைஞ்சல் இல்லாமல், திரும்ப ஆணியில் தொங்கவிட்டார். "ஓடுத பொருள்ல கைய வைக்கக் கூடாதுங்கதுதான் எங்க தொழில்ல முதல் பாடம் அண்ணாச்சி" என்று சொல்லி இறங்கினார். விஷயம் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பழகியும் விட்டது. பூரணம் போட்ட முடிச்சு அவ்வளவு லேசில் அவிழுமா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கரண்ட் பில் மிச்சம் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் குறையக் குறையத்தான் கோளாறு தெரிந்தது. வீட்டில் சந்தடி அடங்கியது. நயினார் காலையில் எழுந்து கஞ்சி வைப்பார், குடிப்பார், தன் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே பூரணத்தின் நாற்காலியைப் பார்ப்பார், அந்த வீட்டில் மொத்தம் அந்த இரண்டு நாற்காலிகள்தான், அப்புறம் இருட்டிவிடும். பெட்டியின் விளக்குகள் பச்சையிலிருந்து மஞ்சளாயின. தெருவில் படங்கள் பாதியில் நின்று சுற்றத் தொடங்கின. துபாயிலிருந்து பேசிய கணவர்கள் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார்கள். யாரோ மல்லிகைச் சரம் கொண்டுவந்து பெட்டிக்குப் போட்டார்கள். யாரோ சூடம் காட்டினார்கள். செல்வராணி மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. வரிசையாக வந்து பெட்டிக்கு முன்னால் நின்று, "எப்பேர்ப்பட்ட மனுஷி" என்று அழுதார்கள். அழ அழ, மஞ்சள் இன்னும் மங்கியது.

அப்புறம் ஒரு மத்தியானம் செல்வராணி தான் பாயசம் கொடுத்தனுப்பிய தூக்குவாளியைத் திரும்ப வாங்க வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று, வழக்கம் விட்டுப்போகாமல், "கேட்டியளா அண்ணாச்சி, டெய்லர் சேவியர் மீசைக்கு மையடிச்சிக்கிட்டு பொண்ணு பாக்கப் போயிருக்கான். போன இடத்துல மழை. மை உருகி ஓடி, பொண்ணு வீட்டுக்காரங்க குடுத்த காப்பியில விழுந்திருக்கு. இவன் அதையும் குடிச்சிருக்கான்!" என்றாள்.

தெருவில் ஒரே நேரத்தில் பல வீடுகளிலிருந்து, "வந்துட்டு!" என்று சத்தம் கேட்டது.

செல்வராணி வாசலுக்கும் அலமாரிக்குமாக இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். எல்லா விளக்கும் பச்சை. பச்சையென்றால் கொழுந்துப் பச்சை. அவள் தூக்குவாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "எக்கா, உன் குணம் போகலியே" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள், மீதிக் கதையையும் சொல்லி முடித்தாள்.

அன்றிலிருந்து தெருவுக்கு வழி தெரிந்துவிட்டது. துக்கம் பேசினால் நெட் வராது, வம்பு பேசினால் வரும். அதற்கும் நியாயங்கள் இருந்தன, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள். பழைய வம்பு செல்லாது, ஒருதரம் சொன்னதை இன்னொருதரம் சொன்னால் விளக்கு கொட்டாவி விடுவதுபோல் மங்கும். பொய் கலந்தால் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்து எரியும், அப்போது தெருவிலிருந்து, "யாருடி அங்க கூடக் குறைய சொல்லுதது?" என்று அதட்டல் வரும், இதனால் செல்வராணியே தன் கதைகளில் பாதியைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. யாரையும் அழவைக்கிற வம்பும் கூடாது, அதற்குப் பெட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவு வரும் நாளில், மகனுக்கு விசா நேர்காணல் இருக்கும் நாளில், அந்தந்த வீட்டார் நல்ல புதுச் செய்தியாகப் பொறுக்கிக்கொண்டு நயினார் வீட்டுக்கு வந்தார்கள். பூரணத்தின் நாற்காலியில் உட்கார யாருக்கும் மனசு வராததால் அவரவர் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாளைக்கும் வரத்தானே போகிறோம் என்று அங்கேயே விட்டுப் போனார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வருவார்களா, ஒரு கிண்ணம் குழம்பும் கூட வந்தது. நயினார் கஞ்சி வைப்பதை விட்டுவிட்டார். ஆனால் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பு பூரணத்துக்கு ஆட்டிய தலையை இப்போது தெருவுக்கு ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்கு வராதவள் ஜீனத் ஒருத்திதான். சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தாள். மாலத்தீவுக்குப் போன அவள் புருஷன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். பள்ளிக்கூடம் போகும் மகளோடு தனியாக இருந்தாள். வெளியூர் நெட் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே போனில் பதில் சொல்லும் வேலை. முகம் தெரியாத ஊர்களில் முகம் தெரியாத மனிதர்கள், "நெட் வரலை" என்று கத்துவார்கள், இவள் நிதானமாக, "சிவப்பு விளக்கு எரியுதா சார்? பிளக்கைக் கழட்டுங்க, கொஞ்சம் ஆறட்டும்" என்பாள். அதே சொல்லைத்தான் பூரணத்துக்கும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் மாமி முக்காலியில் ஏறியிருக்க மாட்டாளோ என்ற எண்ணம் அவளை அந்த வாசல்படி ஏறவிடவில்லை.

அவள் வேலை அதுவரை தற்காலிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க மேலதிகாரிகள் அவள் பேசுவதை ஒட்டுக்கேட்டு, தேறினால் நிரந்தரம் என்றார்கள். இடையில் லைன் அறுந்தால் அவ்வளவுதான், அடுத்தவளைக் கூப்பிடுவார்கள். இதை ஜீனத் தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். எல்லோரும், "நீ கவலைப்படாத பிள்ள, நாங்க இருக்கோம்" என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாதா கோயில் தேர் என்பது எல்லோருக்கும் தெரியும்; எப்படியும் வேறு யாராவது நயினார் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்தார்கள். சேர்ந்து வாழ்கிற ஜனங்கள் செய்கிற தப்பு அது. அன்று மத்தியானம் செல்வராணி தேருக்கு முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், இஸ்ரவேல் தேருக்குப் பின்னால் மைக் செட்டுக்கு வயர் பிடித்துக்கொண்டிருந்தார், தெருவில் நாய்கூட இல்லை.

நயினார் நாற்காலியில் உட்கார்ந்து, சுவர் வழியே ஜீனத்தின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் ஆளை அனுப்பிவிட்டாள், இரண்டாவது ஆளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தபோது விளக்குகள் மஞ்சளாகியிருந்தன. ஆளில்லாத வீடுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் ஜீனத்தின் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

"மாமா!" சுவர் தட்டப்பட்டது. அடக்கிய குரல். "மாமா, யாரு இருக்கா அங்க? எனக்கு விட்டு விட்டுக் கேக்குது."

அவர் எழுந்தார். பிளக் கையெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. அதை எடுத்தார். மாட்டினால் பெட்டி ஒருதரம் செத்துத்தான் பிழைக்கும், அதற்குள் ஜீனத்தின் லைன் அறுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும், பூரணம் அதைச் செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறார். அதுமட்டுமில்லை. அவர் மாட்டிவிட்டால், மாட்டுவதற்கென்று அவள் வர வேண்டிய வேலை தீர்ந்துவிடும். பிளக்கை ஆணியில் விட்டார். தொண்டையைச் செருமினார்.

"நல்லா இருக்கியா பூரணம்" என்றார்.

விளக்கு இன்னும் மங்கியது.

சேவியரின் மீசையைச் சொன்னார். பழசு. இஸ்ரவேல் கம்பத்திலிருந்து தயிர்க்காரியின் கூடையில் விழுந்ததைச் சொன்னார். அதுவும் பழசு. தெருவின் செய்தியெல்லாம் தெருவே அங்கு வந்து கொட்டியாகிவிட்டது, அவரிடம் யாருக்கும் தெரியாததென்று ஒன்றும் இல்லை. "மாமா!" என்று மறுபடி சுவர். ஜீனத்தின் விளக்கு ஒரு குண்டூசி முனையாகிவிட்டது. யாருக்கும் தெரியாதது, யாருக்கும் தெரியாதது என்று நயினார் தனக்குள் துழாவினார். துழாவின இடத்தில் அவரே அகப்பட்டார்.

"உன் வெண்கல உருளி இருக்குல்லா" என்று ஆரம்பித்தார். "அதுல தேங்காப்பால் கொழுக்கட்டை செய்யலாம்னு ஒருநாள் பாத்தேன். அடுப்புல வச்சிட்டு உன் நாற்காலியப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். கரிஞ்சு போச்சு. செல்வராணி பாத்தா ஊரெல்லாம் சொல்லுவாளேன்னு கொல்லையில குழி தோண்டிப் பொதச்சிட்டேன். உருளியோட."

விளக்கு துடித்தது.

"முந்தா நாள் உன் சீப்பால தல சீவினேன். நல்லாத்தான் இருக்கு. அந்த நீலச் சட்டை, கிழவனுக்கு இது என்னத்துக்குன்னு நீ பரண்ல போட்டியே, எடுத்து உள்ளுக்குள்ளயே போட்டுப் பாத்தேன். கண்ணாடி முன்னால நின்னேன். மோசமில்ல." அவர் குரல் தெளிந்துவந்தது. அதுவரை பேசாமல் சேர்த்து வைத்த பேச்செல்லாம் உப்பளத்து மடை திறந்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது: மகனோடு போனில் என்ன பேசுவதென்று தெரியாமல் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது, நாற்காலிக்காரர்கள் போனபின் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்ப்பது, குழம்புகளில் சேவியர் வீட்டுக் குழம்புதான் மட்டம் என்று யாரிடமும் சொல்லாதது. "இன்னொண்ணு" என்று நிறுத்தினார். "நேத்து செல்வராணி அந்த வட்டிக்காரர் நடக்குத மாதிரி நடந்து காட்டினா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு பூரணம். அடக்கப் பாத்தேன், முடியல. அடுக்களைக்குள்ள போயி, வாயில துண்ட வச்சிக்கிட்டுச் சிரிச்சேன். உனக்குச் சொல்லணும்னு இருந்துச்சு."

அத்தனை விளக்கும் எரிந்தன, ஆளில்லாத வீடுகளின் விளக்குகளும்கூட, தேர்நாள் சர விளக்குப் போல. சுவருக்கு அந்தப் பக்கம் ஜீனத்தின் குரல் தடையில்லாமல் ஓடியது: "பதறாதீங்க சார். ஆறிட்டா? தொட்டுப் பாருங்க. இப்ப நீங்களே மாட்டலாம். ஒண்ணும் ஆகாது, மாட்டுங்க." நயினார் பேசிக்கொண்டே இருந்தார், அவள் பேசிக்கொண்டே இருந்தாள், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் வெயில் தாழும்வரை பேசினார்கள்.

தேர் நிலைக்கு வந்த வெடிச்சத்தம் கேட்டபோது ஜீனத் வந்தாள். வாசல்படியில் ஒரு கணம் நின்றாள், பிறகு ஏறினாள். "தேறிட்டேன் மாமா" என்றாள். முகமெல்லாம் ஈரம். "அந்த உருளிய நான் தோண்டி எடுத்துப் புளி போட்டுத் தேய்ச்சுத் தாரேன்."

"கேட்டுட்டியா?"

"அந்தச் சுவர் என்ன கோட்டைச் சுவரா?"

அப்போதுதான் விளக்குகள், ஒருவர் பேச வேண்டியதைப் பேசி முடித்து வாய் மூடுவதுபோல, மெல்ல அணைந்தன. நயினார் முக்காலியில் ஏறிப் பெட்டியைத் தொட்டார். பானைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது. "ஆறிட்டு" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அடுக்களையிலிருந்து யாரும் முந்தானையில் கை துடைத்தபடி வரவில்லை. ஜீனத் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். நயினார் சிலந்தியை ஊதிவிட்டு, பிளக்கைத் துண்டால் துடைத்து, தானே மாட்டினார். முதலில் ஒரு சிவப்பு, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை.

"வந்துட்டு" என்றாள் ஜீனத்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எல்லாப் பெட்டிகளையும்போலக் கரண்டில் ஓடியது, கரண்டு போனால் நின்றது. கொஞ்ச காலம் கழித்து இஸ்ரவேல் கண்ணாடி நூல் மாதிரிப் புது வயரை வீடுவீடாகத் தனித்தனியே இழுத்துக் கொடுத்து, யாருக்கும் யார் வீட்டுக் கரண்டும் தேவையில்லாமல் செய்துவிட்டுப் பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு தெரு சாயங்காலங்களில் அங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது. பேச்சை இப்போதெல்லாம் நயினார்தான் பெரும்பாலும் ஆரம்பித்துவைக்கிறார். கடைசியாக வந்தது ஜீனத்தின் பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. அதோடு சேர்த்து அந்த வீட்டில் இப்போது ஏழு நாற்காலிகள் இருக்கின்றன. அவர் வாங்கியவை இரண்டு.